வலியறிந்து ஓடுதல்

பள்ளி விளையாட்டு விழாவில் மாணவர் கூட்டம் ஒருங்கே எழுந்து கைதட்டுவது நூறு மீட்டர் ஓட்டத்தின்போதுதான். பன்னிரண்டு, பதின்மூன்று வினாடிகளில் முடிந்துபோகும் அப்போட்டியில் முந்தியவனே பள்ளியின் சிறந்த ஓட்டக்காரன் என்று பெயர் பெறுகிறான். குறுவட்டப் போட்டிக்கு அணி தேர்ந்தெடுக்கும்போதும் பல இடங்களில் இதே அளவுகோல்தான் கையாளப்படுகிறது. அதில் பின்தங்கியவனை "உனக்கு வேகம் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அவ்வாறு அனுப்பப்படுவோருள் 1500 மீட்டரிலும் 3000 மீட்டரிலும் மாவட்டத்தின் பெயரை விளங்கச் செய்யத்தக்கவர் இருக்கக்கூடும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அத்தகைய மாணவனுக்கு ஏற்ற பயிற்சி முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மாணவன் என்று ஈண்டுக் கூறுவன யாவும் மாணவியர்க்கும் பொருந்தும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூரிலிருந்து இராயக்கோட்டை செல்லும் சாலையில் அமைந்த ஊர் உத்தனப்பள்ளி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் கலந்து ஒலிக்கும் எல்லைப்புற வட்டாரம் அது. கேழ்வரகும் தக்காளியும் விளையும் நிலங்களுக்கு நடுவே, தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பேருந்துகள் விரைகின்றன. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அவ்வட்டார இளைஞர் பலருக்கு ஷிப்டு வேலை காத்திருக்கிறது. தனக்குள் ஓர் ஓட்டக்காரன் இருக்கிறானா என்று அறிந்துகொள்ளப் பள்ளிப் பருவத்தை விட்டால் அவர்களுக்கு வேறு காலம் வாய்ப்பது அரிது. மாவட்ட, மாநிலப் போட்டிகளில் பெறும் சான்றிதழோ கல்லூரிச் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கும், பின்னர் இராணுவம், இரயில்வே, காவல்துறை போன்ற பணிகளுக்கும் வழி திறப்பது. ஆகவே பதினைந்து வயதில் ஒருவனை நூறு மீட்டர் ஓட்டத்தை மட்டும் வைத்து ஒதுக்குவது சிறு செயலாகாது. உத்தனப்பள்ளி போன்றதோர் ஊரில் பயிலும் மாணவனையே மனத்திற்கொண்டு இதனை எழுதுகிறோம்.

திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை 48, 49, 50 என அடுத்தடுத்து அமைத்துள்ளார். வேந்தனுக்கு உரைத்த அம்முறை ஓட்டக்காரனுக்கும் பொருந்துவதால், அவ்வரிசையிலேயே நம் செய்தியையும் கூறுவோம். அதற்கு முன் சிறு கணக்கு ஒன்றைப் பார்த்துவிடுவது நலம்.

வேகம் பற்றிய கணக்கு

ஒரு மாணவன் 1500 மீட்டரை 4 நிமிடம் 30 வினாடியில் ஓடுவதாகக் கொள்வோம். அந்த 270 வினாடிகளைப் பதினைந்து நூறு மீட்டர்களுக்குப் பகிர்ந்தால், ஒவ்வொன்றுக்கும் 18 வினாடி வருகிறது. நாம் கருதும் மாணவன் களைப்பின்றி ஒரே ஒரு நூறு மீட்டர் ஓடினால் 14.5 வினாடி எடுப்பவன். அவன் தோழன் 12.5 வினாடியில் ஓடி முடிப்பவன். பதினெட்டு வினாடி என்னும் வேகம் இவ்விருவருக்குமே எளிதில் எட்டக்கூடியது. அவ்வேகத்தைப் பதினைந்து முறை இடைவிடாமல் தொடரமுடிகிறதா என்பதே கேள்வி. மொராக்கோ நாட்டு வீரர் ஹிஷாம் எல் கெரூஜ் 1998-ஆம் ஆண்டு ரோம் நகரில் 1500 மீட்டரை 3 நிமிடம் 26 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். அவ்வரும் பெரும் சாதனையிலும் நூறு மீட்டருக்குச் சராசரியாக ஆனது 13.7 வினாடியே.

எனினும் கணக்கின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. பதினெட்டு வினாடி வேகத்தில் செல்லும்போது நம் மாணவன் தன் முழு வேகத்தில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைச் செலவிடுகிறான். தோழன் 70 விழுக்காட்டுக்கும் குறைவாகவே செலவிடுகிறான். தோழனுக்குக் கையிருப்பு மிகுதி. ஆதலின் இறுதி நூறு மீட்டர் வரை இருவரும் தோளொட்டி வந்தால் தோழனே வெல்வான். இதிலிருந்து மூன்று கடமைகள் புலனாகின்றன. முதலாவது, தாங்கும் திறனைப் பெருக்குதல். இரண்டாவது, உள்ள வேகத்தைச் சிறிதேனும் கூட்டுதல். மூன்றாவது, போட்டி இறுதி நூறு மீட்டரில் முடிவாகும் நிலை வராமல் பார்த்துக்கொள்ளுதல்.

வலியறிதல்

நம் தசைகளில் விரைந்து சுருங்கும் இழைகளும் மெல்லச் சுருங்கும் இழைகளும் கலந்துள்ளன. முன்னவை பேராற்றலை உடனே வழங்கும், விரைவில் சோர்ந்துவிடும். பின்னவை உயிர்வளியைக் கொண்டு நெடுநேரம் உழைக்கும். எவருக்கு எவ்வளவு என்பது பெரும்பாலும் பிறப்போடு அமைவது. பிறவி விரைவோட்டக்காரனைப் பயிற்சியால் உருவாக்குவது அரிது என்பர். ஆனால் உயிர்வளியைப் பயன்படுத்தும் திறனோ, ஆண்டுக்கணக்கில் உழைத்தால் பெரிதும் வளரக்கூடியது. 800 மீட்டர் ஓட்டத்துக்கு வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கும், 1500 மீட்டரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேலும், 3000 மீட்டரில் பத்தில் ஒன்பது பங்கும் அவ்வழியிலேயே கிடைக்கின்றன. எந்த வலிமை வளரக்கூடியதோ அதுவே இவ்வோட்டங்களுக்கு மிகுதியாக வேண்டப்படுகிறது. விரைவு குன்றிய மாணவனுக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை.

நியூசிலாந்து நாட்டுப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தியவர். அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டரிலும், 1964-இல் டோக்கியோவில் 800, 1500 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். லிடியார்ட் தம் மாணவரை வாரத்துக்குச் சுமார் 160 கிலோமீட்டர் ஓடச் செய்தார். மலைப்பாதையில் 35 கிலோமீட்டர் நீண்ட ஓட்டமும் அதில் அடங்கும். இரண்டே சுற்றில் முடியும் 800 மீட்டருக்கு இத்துணைத் தொலைவு எதற்கு என்று பலர் வியந்தனர். கடைசி இருநூறு மீட்டரை அடையும்போது எவன் குறைவாகக் களைத்திருக்கிறானோ அவனே தன் வேகத்தைப் பயன்படுத்த முடியும் என்பது அவர் கொள்கை.

இவ்வளவு பெரிய தொலைவு வளரும் பிள்ளைக்கு ஆகாது. புதிதாகத் தொடங்கும் பதினைந்து, பதினாறு வயது மாணவன் வாரத்துக்கு 25 கிலோமீட்டரில் தொடங்கிச் சில மாதங்களில் 40, 45 கிலோமீட்டரை எட்டினால் போதும். இவ்வோட்டங்களில் பெரும்பகுதி, உடன் வருபவனோடு மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே செல்லத்தக்க வேகத்தில் இருத்தல் வேண்டும். நாள்தோறும் மூச்சிரைக்க ஓடினால்தான் பயிற்சி என்று கருதுவது நம் ஊர்களில் பரவலாக உள்ள பிழையான எண்ணம். அவ்வாறு ஓடுபவன் ஆறாம் வாரத்தில் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு அமர்ந்துவிடுவான். மூன்று வாரம் தொலைவைச் சிறிது சிறிதாகக் கூட்டி, நான்காம் வாரம் குறைத்துக்கொள்வது நல்ல வழக்கம்.

இனி இரண்டாம் கடமையாகிய வேகத்தைக் கூட்டுதல் பற்றிக் காண்போம். நூறு மீட்டரை 14.5 வினாடியில் ஓடுபவனை 12 வினாடிக்குக் கொண்டுவர இயலாது. ஆனால் 13.8 வினாடிக்குக் கொண்டுவருவது கைகூடக்கூடியதே. பதின்பருவத்தில் உடல் வளர்ச்சியும் இதற்குத் துணைநிற்கும். அதற்குரிய எளிய வழிகள் நான்கு.

முதலாவது, எளிய ஓட்டத்தின் முடிவில் புல்தரையிலோ மண்தரையிலோ 80 மீட்டர் தொலைவைத் தளர்ந்த தோளோடும் நிமிர்ந்த உடலோடும் விரைந்து ஓடுதல். முழு வேகத்தில் பத்தில் ஒன்பது பங்கு போதும். ஒவ்வொன்றுக்கும் இடையே நன்கு நடந்து இளைப்பாறி, ஆறு முறை ஓடலாம். இதனை ஆண்டு முழுவதும் வாரம் இருமுறை செய்தல் வேண்டும்.

இரண்டாவது, மேட்டு விரைவோட்டம். செங்குத்தான மேட்டில் எட்டு முதல் பத்து வினாடி வரை முழு ஆற்றலோடு ஏறி, மெல்ல நடந்து இறங்குதல். மேட்டில் காலடி தரையில் மோதும் அதிர்ச்சி குறைவு. தொடைக்கும் பிட்டத்துக்கும் கிடைக்கும் வலிமையோ மிகுதி. நான்கு முறையில் தொடங்கி எட்டு முறை வரை உயர்த்தலாம்.

மூன்றாவது, துள்ளல் பயிற்சிகள். முழங்காலை உயர்த்தி ஓடுதல், ஒற்றைக்காலில் துள்ளுதல், கயிறு தாண்டுதல் ஆகியவை காசு செலவில்லாதவை. பின்லாந்து நாட்டில் நடைபெற்று 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், தேர்ந்த ஓட்டக்காரர் தம் பயிற்சி நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் குறுவிரைவோட்டம், தாவல் போன்ற வெடிப்பாற்றல் பயிற்சிகளுக்கு ஒதுக்கினர். ஒன்பது வாரத்தில் அவர்களுடைய 5 கிலோமீட்டர் நேரம் குறைந்தது. உயிர்வளி ஏற்கும் உச்சத்திறன் கூடாதிருந்தும் இப்பயன் விளைந்தது. அதே வேகத்தைக் குறைந்த ஆற்றல் செலவில் ஓட அவர்கள் கால்கள் கற்றுக்கொண்டன. சிக்கனமாகச் செலவிடுபவன் வருமானம் கூடாமலே மிச்சம் பிடிப்பது போன்றது இது.

நான்காவது, களைத்த காலோடு விரைதல். 1500 மீட்டர் போட்டி வேகத்தில் 600 மீட்டர் ஓடி, அரை நிமிடம் நின்று, உடனே 200 மீட்டரை இயன்ற விரைவில் ஓடுதல். ஐந்து நிமிடம் இளைப்பாறி, மொத்தம் மூன்று முறை செய்யலாம். போட்டியின் கடைசிச் சுற்றில் கால் எப்படிக் கனக்கும் என்பதை உடலுக்கு முன்கூட்டியே அறிமுகம் செய்துவைக்கும் பயிற்சி இது. போட்டிக்கு முந்திய ஆறு, ஏழு வாரங்களில் மட்டும், வாரம் ஒருமுறை செய்தால் போதும்.

காலமறிதல்

பயிற்சிக்கும் காலம் உண்டு. போட்டிக்குள் பாய்வதற்கும் காலம் உண்டு. பள்ளி திறந்து சில வாரங்களில் குறுவட்டப் போட்டிகள் தொடங்கி, மாவட்டம், மாநிலம் எனத் தொடர்வது வழக்கம். அறிவிப்பு வந்த பிறகு காலணியைத் தேடுபவன் வெல்லமாட்டான். கோடை விடுமுறையாகிய ஏப்ரல், மே மாதங்களிலேயே எளிய நீண்ட ஓட்டங்களைத் தொடங்கிவிட வேண்டும். பன்னிரண்டு வாரம் அடித்தளம் இட்டபின் கடினப் பயிற்சியை ஏற்றலாம். போட்டிக்கு முந்திய வாரம் தொலைவைப் பாதியாகக் குறைத்து உடலுக்கு ஓய்வு தருவதும் பயிற்சியின் ஒரு பகுதியே.

போட்டிக்குள் காலமறிதல் என்பது எங்கே வேகம் கூட்டுவது என்னும் முடிவாகும். இதற்கு உலக வரலாற்றில் சிறந்த பாடமாக விளங்குபவர் சோவியத் வீரர் விளாடிமிர் குட்ஸ். 1954-ஆம் ஆண்டு இலண்டனில் 5000 மீட்டர் முழுவதும் முன்னணியில் ஓடிய அவரை, இங்கிலாந்தின் கிறிஸ் சாட்டவே கடைசி நொடியில் முந்தினார். வேறுபாடு வினாடியில் பத்தில் ஒரு பங்கே. 1956 சூன் மாதம் நார்வேயின் பெர்கன் நகரில் கோர்டன் பிரியும் அவ்வாறே அவரை இறுதியில் வென்றார். இறுதி விரைவில் பிறரை வெல்ல முடியாது என்று உணர்ந்த குட்ஸ், அவ்வாண்டு இறுதியில் மெல்போர்ன் ஒலிம்பிக்கின் 10000 மீட்டரில் வேறு வழியைக் கையாண்டார். ஓட்டத்தின் நடுவே திடீர் திடீரென வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாக ஓடினார். ஒவ்வொரு முறையும் தொடர்ந்து சென்ற பிரி களைத்து எட்டாம் இடத்துக்குப் போனார். குட்ஸ் தங்கம் வென்றார். 5000 மீட்டரிலும் வென்றார்.

இதற்கு மாறான பாடமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் தம் வாழ்நாளில் பதினேழு உலக சாதனைகள் படைத்தவர். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கின் 10000 மீட்டரில் அவர் வேகம் கூட்டிப் பலரைக் கழற்றிவிட்ட போதிலும், அமெரிக்காவின் பில்லி மில்ஸும் துனீசியாவின் முகம்மது கம்மூதியும் இறுதிச் சுற்று வரை ஒட்டிக்கொண்டே வந்தனர். நேர்ப்பாதையில் மில்ஸ் முதலாவதாகவும் கம்மூதி இரண்டாவதாகவும் பாய்ந்து முடித்தனர். கிளார்க்குக்கு வெண்கலமே கிடைத்தது. வென்றவரின் நேரம் கிளார்க்கின் அந்நாளைய உலக சாதனையைவிட ஒன்பது வினாடி கூடுதல் என்பதை நோக்குக. வேகமான காலடி உடையவனை இறுதி நேர்ப்பாதை வரை உடன் அழைத்துச் செல்வது அவனுக்குப் பரிசளிப்பதற்குச் சமம்.

நம் தமிழகத்திலிருந்தே ஒரு சான்று காட்டலாம். புதுக்கோட்டையைச் சேர்ந்த ஜி. இலட்சுமணன் 2017 சூலையில் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5000, 10000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். அங்கு 5000 மீட்டரில் அவர் எடுத்த நேரம் 14 நிமிடம் 54.48 வினாடி. அடுத்த மாதமே இலண்டன் உலகப் போட்டியின் தகுதிச் சுற்றில் அதே தொலைவை 13 நிமிடம் 35.69 வினாடியில் ஓடினார். ஆனால் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெறவில்லை. ஒரே மனிதர், ஒரே தொலைவு. இடையே ஒரு நிமிடத்துக்கு மேல் வேறுபாடு. பதக்கப் போட்டிகள் பல, எல்லோரும் ஒருவரையொருவர் நோக்கி மெல்லச் செல்வதால் மந்தமாக நடக்கும் என்பதை இது காட்டுகிறது. மந்தமான போட்டி விரைவோட்டத் திறன் உடையவனுக்கே உகந்தது. ஆதலின் நம் மாணவன் போட்டியை மந்தமாக விடக்கூடாது. 1500 மீட்டரில் முதல் இரு சுற்றுகளைச் சீராக ஓடி, கடைசி 600 மீட்டரிலிருந்து ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் சிறிது சிறிதாக வேகத்தை உயர்த்தவேண்டும். தோழன் கடைசி 150 மீட்டருக்காகச் சேமித்துவைத்ததை 600 மீட்டரிலிருந்தே செலவிடும்படி செய்வதே இதன் பொருள்.

மூச்சைக் காத்து ஓடும் கலை நம் மார்க்க வரலாற்றிலும் காணப்படுகிறது. நபித்தோழர் ஸலமா இப்னு அல்அக்வஃ (ரலி) அவர்கள் காலோட்டத்தில் பெயர் பெற்றவர். தூகரத் நிகழ்ச்சிக்குப் பின் மதீனாவுக்குத் திரும்பும் வழியில், ஓட்டத்தில் எவரிடமும் தோற்றறியாத அன்சாரித் தோழர் ஒருவர் போட்டிக்கு அழைத்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் இசைவு பெற்று ஸலமா (ரலி) ஓடினார். ஓரிரு மேடுகள் வரை மூச்சைக் காத்துக்கொண்டு தம்மை அடக்கி ஓடிப் பின்னரே விரைந்து அவரை எட்டிப்பிடித்து வென்ற செய்தி ஸஹீஹ் முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. தொடக்கத்தில் அடங்கி, உரிய மேட்டில் எழுவது எக்காலத்துக்கும் உரிய பாடம்.

இடனறிதல்

உத்தனப்பள்ளி வட்டாரம் ஓட்டக்காரனுக்கு இயற்கை தந்த மைதானம். ஓசூர்ப் பீடபூமி கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. மெல்லிய காற்றில் பயிலும் உயர்மலைப் பயிற்சிக்கு 2000 மீட்டர் அளவு உயரம் தேவை என்பதால், அப்பயன் இங்குக் கிட்டாது. ஆனால் சமவெளியில் இல்லாத காலைக் குளிர்ச்சியும், ஏற்ற இறக்கமுள்ள வண்டிப்பாதைகளும், ஏரிக்கரை மண்ணும் இங்குண்டு. மேட்டு ஓட்டத்துக்குத் தனியே இடம் தேடவேண்டியதில்லை.

எச்சரிக்கையும் வேண்டும். ஓசூர், இராயக்கோட்டைச் சாலையில் லாரிகளும் தொழிற்சாலைப் பேருந்துகளும் விரைவதால், இருள் பிரியாத நேரத்தில் அங்கு ஓடுதல் ஆகாது. அருகிலுள்ள சானமாவுக் காட்டுக்கும், கேழ்வரகு முற்றும் பருவத்தில் சுற்றியுள்ள வயல்களுக்கும் யானைகள் வருவதுண்டு. வனத்துறையின் அறிவிப்பைக் கேட்டறிந்து, நன்கு விடிந்தபின், இருவர் மூவராய்ச் சேர்ந்தே காட்டோரப் பாதைகளில் ஓடவேண்டும்.

வாரத் திட்டம் ஒன்றை மாதிரியாகத் தருகிறோம். இது சில மாதம் ஓடிப் பழகியவனுக்கு உரியது.

திங்கள்: 6 கிலோமீட்டர் எளிய ஓட்டம்; இறுதியில் 80 மீட்டர் விரைவு ஆறு முறை.
செவ்வாய்: 1500 மீட்டர் போட்டி வேகத்தில் 300 மீட்டர் எட்டு முறை, இடையே ஒன்றரை நிமிடம் நடை.
புதன்: 6 கிலோமீட்டர் எளிய ஓட்டம், துள்ளல் பயிற்சி, தண்டால், வயிற்றுப் பயிற்சி.
வியாழன்: 20 நிமிடம், ஓரிரு சொல்லே பேசக்கூடிய திடமான வேகத்தில் ஓட்டம், முன்னும் பின்னும் 2 கிலோமீட்டர் மெல்லோட்டம்.
வெள்ளி: முழு ஓய்வு. ஜுமுஆ நாளாதலால் நம் மாணவர்க்கு இதுவே வசதி.
சனி: 5 கிலோமீட்டர் எளிய ஓட்டம், மேட்டு விரைவோட்டம் ஆறு முதல் எட்டு முறை.
ஞாயிறு: 10 முதல் 12 கிலோமீட்டர் நீண்ட ஓட்டம், மண்பாதையில்.

போட்டிக் காலம் நெருங்கும்போது செவ்வாய்ப் பயிற்சிக்குப் பதிலாக முன்னர்க் கூறிய 600, 200 மீட்டர்ப் பயிற்சியை வைத்துக்கொள்ளலாம்.

ஓடுதளத்திலும் இடமறிதல் உண்டு. ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர். முதல் தடத்தை விட்டு இரண்டாம் தடத்தில் ஒரு வளைவைக் கடப்பவன் ஏறத்தாழ 3.8 மீட்டர் கூடுதலாக ஓடுகிறான். ஒரு சுற்றுக்கு அது ஏழரை மீட்டருக்கு மேலாகும். விரைவு குன்றியவன் இவ்வாறு தொலைவைத் தானம் செய்யலாகாது. வளைவில் உட்தடத்தை ஒட்டி ஓடி, முந்துவதை நேர்ப்பாதையில் வைத்துக்கொள்ளவேண்டும். அதேவேளை உட்கோட்டைத் தாண்டிக் கால் வைக்கவும் கூடாது. முன்னர்ச் சொன்ன இலட்சுமணன் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10000 மீட்டரை மூன்றாவதாக முடித்தும், தடத்துக்கு உள்ளே கால் வைத்தார் என்ற விதியால் வெண்கலத்தை இழந்தார். ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பெற்றதை ஓரடி பறித்துவிடும்.

மூன்றாவதாக, தனக்குரிய தொலைவாகிய இடத்தையும் அறியவேண்டும். இங்கிலாந்தின் பவுலா ராட்கிளிஃப் 2000 சிட்னி ஒலிம்பிக்கின் 10000 மீட்டரில் பெரும்பகுதி முன்னே ஓடியும், இறுதி விரைவில் பின்தங்கி நான்காம் இடமே பெற்றார். பின்னர் மாரத்தானுக்கு மாறி, 2003-இல் இலண்டனில் 2 மணி 15 நிமிடம் 25 வினாடியில் ஓடிப் படைத்த சாதனை 2019 வரை நின்றது. பள்ளி மாணவன் மாரத்தான் ஓடவேண்டியதில்லை. 800 மீட்டரில் தோற்றவன் 1500 மீட்டரையும், அதில் தோற்றவன் 3000 மீட்டரையும் காட்டோட்டத்தையும் முயன்று பார்க்கவேண்டும் என்பதே இதன் கருத்து. கல்லூரிக்கு வந்தால் 5000, 10000 மீட்டர்கள் காத்திருக்கின்றன.

இறுதி விரைவும் காலத்தால் வளரக்கூடும். பிரித்தானிய வீரர் முகம்மது ஃபரா 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 5000 மீட்டர் இறுதிப் போட்டிக்கே தகுதி பெறவில்லை. நான்கு ஆண்டு உழைப்புக்குப் பின் 2012 இலண்டனில் இரு தங்கம் வென்றபோது, அவர் கடைசிச் சுற்றை ஏறத்தாழ 53 வினாடியில் ஓடினார். 2016-இல் ரியோவிலும் அவ்விரு தங்கங்களையும் மீண்டும் வென்றார். ஆகவே பதினாறு வயதுக் கடிகாரத்தை வைத்து ஒருவன் எதிர்காலத்தைக் கணித்துவிட முடியாது.

உணவும் நோன்பும் உடல்நலமும்

விலையுயர்ந்த ஊட்டப்பொடிகள் தேவையில்லை. கிருஷ்ணகிரி வட்டாரத்தின் கேழ்வரகுக் களியில் மாவுச்சத்தும் சுண்ணச்சத்தும் உண்டு. அதனோடு பருப்பு, நிலக்கடலை, கீரை, முட்டை, பால், வாழைப்பழம் ஆகியவை சேர்ந்தால் வளரும் ஓட்டக்காரனுக்கு நிறைவான உணவு அமையும். சோர்வு நீங்காமல் நேரம் மோசமாகிக்கொண்டே போனால், பயிற்சியைக் கூட்டுவதை விட்டு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் குருதிச் சோதனை செய்து பார்க்கவேண்டும். இரும்புச்சத்துக் குறைவு, சிறப்பாக மாணவியரிடம், இதற்கு அடிக்கடி காரணமாகிறது. ஓரிடத்தில் எலும்பு நாள்தோறும் வலித்தால் ஓடுவதை நிறுத்தி மருத்துவரைக் காண்க. ஊக்க ஊசியும் பொய்யான வயதுச் சான்றும் மார்க்கத்துக்கும் சட்டத்துக்கும் விளையாட்டுக்கும் ஒருங்கே மாறானவை.

ரமளான் மாதத்தில் பயிற்சியைக் கைவிடவேண்டியதில்லை. நோன்பு திறப்பதற்குச் சற்று முன் அரைமணி எளிய ஓட்டம் வைத்துக்கொண்டால், முடித்தவுடன் நீர் அருந்தலாம். கடினப் பயிற்சியை வாரம் ஒன்றாகக் குறைத்து, தராவீஹ் தொழுகைக்குப்பின் செய்யலாம். உறக்கம் குறைவதால் மொத்தத் தொலைவையும் குறைத்துக்கொள்வதே அறிவுடைமை. போட்டி அம்மாதத்தில் வந்தால், பயணத்திலிருப்போர்க்குள்ள சலுகை பற்றி ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக. பல மாதம் கட்டிய அடித்தளம் ஒரு மாத மென்மையால் கரைந்துவிடாது.

பெண் மக்கள் ஓடலாமா என்று கேட்கும் பெரியோர் இன்றும் உளர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் போட்டி நடத்தியதும், முதன்முறை அன்னையார் முந்தியதும் அபூதாவூத் நூலில் உள்ள செய்தி. பஹ்ரைன் நாட்டின் ருகையா அல் கஸரா தலையை மறைத்த உடையோடு ஓடி 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 200 மீட்டர் தங்கம் வென்றார். பாதுகாப்பான இடமும், உடன் ஓடத் தோழியரும், அக்கறையுள்ள ஆசிரியையும் அமைந்தால் நம் பெண் மக்களுக்கும் தடையில்லை.

ஆசிரியர்க்கும் பெரியோர்க்கும்

உடற்கல்வி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் சூன் மாதத்தில் எட்டாம் வகுப்பு முதல் எல்லா மாணவரையும் 1500 மீட்டர் ஓடவைத்து நேரத்தைக் குறித்துவையுங்கள். பள்ளியில் 200 மீட்டர்ச் சுற்றே இருப்பின் ஏழரைச் சுற்று. சுண்ணாம்புக் கோடும் ஒரு ஸ்டாப் வாட்சும் போதும். வேகமற்றவன் என்று நாம் ஒதுக்கிய பையன் ஐந்தாம் சுற்றுக்குப்பின் ஒவ்வொருவராய்த் தாண்டி வருவதை அன்று காணலாம்.

ஊர்ப் பெரியோர்களிடமும் ஜமாஅத்தாரிடமும் மற்றொரு வேண்டுகோள். விளையாட்டு விழாவுக்குக் கோப்பைகளும் கேடயங்களும் வழங்குவது நற்செயலே. அத்தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு, வெறுங்காலோடு ஓடும் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு ஆண்டுத் தொடக்கத்திலேயே நல்ல ஓட்டக் காலணி வாங்கித் தாருங்கள். கோப்பை வென்றவனைப் பாராட்டும். காலணியோ இன்னும் வெல்லாதவனை ஓடவைக்கும்.